ஆட்சேபணை இல்லை

மத்தியாஸ் இன்னும் கையைத் தூக்கவில்லை. தூக்கட்டும், தூக்கட்டும், அதற்குத்தானே இத்தனை தூரம் பறந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள் செண்பகவல்லி. மூன்றாவது வரிசை, சுவர் ஓரம், முன்னால் லேப்டாப், பக்கத்து நாற்காலி காலி, அதற்கடுத்ததும் காலி. முன்வரிசையில் மட்டும் இடம் போதாமல் இரண்டு பேர் தரையில் சப்பணம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் என்ன, இவள் என்ன கடித்தா வைத்துவிடுவாள்? கடிக்கவும் கூடும், இன்றைக்கு இருக்கிற இருப்புக்கு. காலை பத்தரை மணி, ஐரோப்பாவின் நடுவில் ஏதோ ஒரு பல்கலைக்கழக ஊர், என்ஜினியரிங் கட்டிடத்தின் மூன்றாம் மாடி, ஜூலை மாத வெயில், தலைக்கு மேலே ஒரு ஃபேன் கிடையாது. லார்க் மாநாட்டின் இரண்டாம் நாள். லார்க் என்றால் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்முன்னால் வந்து நிற்கிற அத்தனையும், ஜன்னல், மெனு, பட்டன் எல்லாம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, உலகம் பூராவிலுமிருந்து ஐந்நூறு அறுநூறு பேர் சம்பளமில்லாமல் எழுதி, எடுத்துக்கோ என்று சும்மா கொடுக்கிற சாமான். பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையில் இருக்கிறதை வாய்விட்டு வாசித்துச் சொல்லுமே, லார்க்கில் அந்தப் பகுதி ஒன்பது வருஷமாகச் செண்பகவல்லியின் கையில் இருக்கிறது. இன்றைக்கு ஏழாவது தீர்மானம், அதைத் தூக்கிப் போடுவது. இவர்கள் பாஷையில் ‘ஓய்வு கொடுப்பது’. ஆகா, என்ன மரியாதை! புதிது ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார்களாம், அது வருவதற்கு ஒன்றரை வருஷம் ஆகுமாம். அக்டோபரில் புதுப் பதிப்பு வந்ததும் பார்வையில்லாத மனிதர் ஒருத்தர் கம்ப்யூட்டரைத் திறந்தால் அது வாயே திறக்காது. ஒன்றரை வருஷம் அவர் அதன் முன்னால் உட்கார்ந்து என்ன செய்ய? அதைப் பற்றி இந்த அறையில் எவனுக்கும் ஒரு கவலையும் கிடையாது.

இங்கே ஓட்டு கிடையாது. ஓட்டுப் போட்டால் கட்சி பிரியுமாம், மனஸ்தாபம் வருமாம். அதனால் தீர்மானத்தை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு, நடத்துகிறவர் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு விரலாக மடக்குவார். பத்தாவது விரல் மடங்குகிற வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம், முடிந்தது, அடுத்த பதிப்பு வரைக்கும் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒரே ஒருத்தர் ஆட்சேபணை சொன்னாலும் போதும், தீர்மானம் நின்றுவிடும், ஆறு மாசம் தள்ளிப்போகும். ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இவள்தான், இவளை விட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? காலையில் வராந்தாவில் பார்த்ததும் மத்தியாஸ் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான், “ஷென்பா! கடைசியில் உன்னை நேரிலேயே பார்த்துவிட்டேன்! நீ இல்லாமல் நாங்கள் இல்லை” என்றான், கண்ணில் தண்ணீர் கூட வந்த மாதிரி இருந்தது. சோப்பு வாசனை. வார்ச் செருப்பு, முழங்கால் வரைக்கும் ஒரு டவுசர், அரைக்கிழவன். நீ இல்லாமல் நாங்கள் இல்லை என்று சொன்ன வாயின் ஈரம் காயவில்லை, ஏழாவது தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்து யாருடையது? அவனுடையதுதான். ஒன்று, கட்டிப்பிடி, இல்லையென்றால் கழுத்தைப் பிடி. இரண்டையும் ஒரே காலையில் செய்கிறவனை என்னவென்று சொல்ல? அவளும்தான் என்ன செய்தாள்? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டதற்கு ரொம்ப சௌகரியம் என்றாள். பதினாறு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்தவள்.

நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். விமானத்திலேயே எழுதி, அழித்து, எழுதி. முதல் வாக்கியம், மிகுந்த மரியாதையோடு நான் இதை ஆட்சேபிக்கிறேன். என்னத்துக்கு மிகுந்த மரியாதை? மரியாதையை எடுத்துவிட்டாள். வருத்தத்தோடு ஆட்சேபிக்கிறேன். எனக்கு என்ன வருத்தம், ஆத்திரம்தான் வருகிறது. வருத்தத்தையும் எடுத்துவிட்டாள். நான் ஆட்சேபிக்கிறேன். இப்போது மொட்டையாக இருந்தது, காரணம் சொல்லாமல் முரண்டு பிடிக்கிற பொம்பளை என்று நினைப்பார்கள், வாயால் சொல்லாவிட்டாலும் அவர்கள் முகம் அப்படிப் போகும். ஐந்தாவது தீர்மானம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலின் மூலை எவ்வளவு வளைவாக இருக்க வேண்டும் என்பது பற்றி. இருபது நிமிஷமாக. ஒருத்தன் எழுந்து எட்டுப் புள்ளி என்கிறான், ஒருத்தி பன்னிரண்டு என்கிறாள், மூலை வளைவு கண்ணுக்கு எவ்வளவு ஆறுதல் என்று ஒருத்தன் படம் போட்டுக் காட்டுகிறான். அட சண்டாளர்களா, மூலையே தெரியாத மனிதர்களைப் பற்றிப் பேச உங்களுக்கு அரை நிமிஷம், வளைவுக்கு இருபது நிமிஷமா! விசா ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கேட்டாள், இந்த வேலைக்கு உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? யாரும் தருவதில்லை. பிறகு எதற்காகப் போகிறீர்கள்? ஒரு கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்வதற்காக. அப்படியா சொன்னாள்? சொல்லவில்லை, மாநாடு, அழைப்பு, பங்கேற்பு என்று மென்று முழுங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்து பார்க்காமல் ஏதோ தட்டினாள். ஆறு வாரம் பாஸ்போர்ட் வரவில்லை. சங்கரபாண்டி சொன்னான், கட்டின புருஷன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், “சும்மா செய்ற வேலைக்கு இம்புட்டு ரோஷமா? போனா போவட்டும்னு விட்டுத் தொலையேன்.” தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். போன வியாழக்கிழமைதான் பாஸ்போர்ட் வந்தது, சனிக்கிழமை விமானம். இந்தத் திரை வாசிப்பை நம்பியிருக்கிற ஞானசிகாமணி சாரிடம் கூடச் சொல்லவில்லை. விசா கிடைப்பது சந்தேகம் சார் என்று சொன்னதோடு சரி. போய் நிறுத்திவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சார், நின்றுவிட்டது என்று. அந்த ஒரு போனை எத்தனை தடவை மனசுக்குள் பேசிவிட்டாள், அவர் சிரிக்கிற சிரிப்பு உட்பட.

ஐந்து முடிந்தது. பத்துப் புள்ளியாம். ஆறாவது தீர்மானம் மாநாட்டுப் பனியன் பற்றி, அது ஒரு நிமிஷம். மத்தியாஸ் கையைத் தூக்கினான். அவள் நன்றாகக் கவனித்தாள், ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டாமா? இடது சுண்டுவிரலில் ஆரம்பிக்கிறான். அறையே மூச்சை அடக்கினாற்போல இருக்கிறது, யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம் கேட்கிறது. பத்து விரலுக்கு எவ்வளவு நேரம்! நாலு வாக்கியம் சொல்லிவிட்டு ஒரு வாய் காப்பியும் குடித்துவிடலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயந்து வந்தது, போன வருஷத்துப் பயம். போன வருஷம் ஆன்லைன் கூட்டம், இதே விஷயத்தை ஒருத்தன் ஆரம்பித்தபோது அவள் இரண்டு நிமிஷம் நெஞ்சு பதறப் பேசினாள், எல்லாரும் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி புன்னகை கூடச் செய்தாள், என்ன நல்ல பிள்ளைகள் என்று நினைத்தாள். மைக் மூடியிருந்திருக்கிறது. வாய் அசைவது தெரிகிறதே, ஏம்மா சத்தம் வரவில்லை என்று ஒருத்தராவது சொன்னார்களா? முன்வரிசையில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாளே லுட்மிலா, அறுபது வயசு, நரைத்த தலையை ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாள், அவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் எழுதுகிற குறிப்பு எல்லாருடைய லேப்டாப்பிலும் அந்தந்த நிமிஷமே தெரியும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம். லுட்மிலாவின் எழுத்து ஊதா. இவளுக்கு மஞ்சள் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளைத் திரையில் மஞ்சள், அதிலும் ஒரு ஓரவஞ்சனை. குறிப்பின் உச்சியில் வந்திருப்பவர்கள் பட்டியல் இருக்கும், அதில் இவள் பேர் எங்கே இருக்கப்போகிறது? அவள் மேலே தள்ளிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்த்து வயிற்றெரிச்சல் பட வேண்டும்? கொஞ்ச நேரத்தில் லுட்மிலா ஆட்சேபணை என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இவள் பேரை ஊதா நிறத்தில் எழுதத்தானே போகிறாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

“ஏழு” என்றான் மத்தியாஸ். செண்பகவல்லி நாற்காலி நுனிக்கு வந்தாள். அவன் விளக்க ஆரம்பித்தான், பழைய பகுதி புதிய திரை அமைப்போடு ஒட்டவில்லை, ஒவ்வொரு பதிப்பையும் அது தாமதப்படுத்துகிறது, சுமை. சுமை என்றா சொன்னான்? சொல்லு, சொல்லு. இடைவெளி இருக்கும், ஆனால் பயனாளர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை என்றான். எதிர்ப்பு வரவில்லையாம்! எப்படி வரும், எதை வைத்து எழுதி அனுப்புவார்கள், நீ பிடுங்குகிறதை வைத்துத்தானே அவர்கள் எழுத வேண்டும்? இது அவளுக்குத் தெரியும், அவளை விட வேறு யாருக்குத் தெரியும், ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே காரியத்தை அவளே செய்தாளே. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புகார் வந்திருந்தது, புதுப் பதிப்பு போட்டதிலிருந்து பேச்சு விட்டுவிட்டு வருகிறது என்று. எந்தப் பதிப்பு, எந்த மாடல் என்று கேட்டு எழுதினாள். பதில் இல்லை. பதினாலு நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லாததால் மூடுகிறேன் என்று ஒரு வரி போட்டுப் புகாரை மூடினாள். அது இங்கே எல்லாரும் செய்கிற வழக்கம், எல்லாருக்கும் அந்த ஒரு வரி விரல் நுனியிலேயே இருக்கும். அன்றைக்கு மட்டும் பதினொன்றை மூடினாள், மேஜையைத் துடைத்த மாதிரி ஒரு நிம்மதி. மூன்று வாரம் கழித்து வேறு யாரோ ஒருத்தர் முகவரியிலிருந்து மெயில், பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார். நான் ஞானசிகாமணி, அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் பதில் சொல்லவில்லை என்று மூடிவிட்டீர்கள். உங்கள் கேள்வி வந்ததே எனக்குத் தெரியாது, மிஷின் சுத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டது. எப்படி அம்மா பதில் சொல்ல? அவ்வளவுதான் மெயில். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. எப்படி அம்மா பதில் சொல்ல. கோயம்புத்தூரில் ஆபீஸ் கேன்டீனில் அதைப் படித்தாள், கையில் பாதி வடை, அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. அத்தனை வாரமும் அவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்? காலையில் பொத்தானை அழுத்துவார், ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும், கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார், தலையைச் சாய்த்துக் கேட்பார், ஒன்றும் வராது. பரீட்சைக்குக் கேள்வித்தாள் அடிக்க வேண்டிய சமயம். முன்னால் இருக்கிறது, ஓடுகிறது, எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது, ஆனால் வாய் திறக்காது. அப்படி ஒரு நிசப்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க அன்றைக்கு ராத்திரி அவளே லேப்டாப் திரையை அணைத்துவிட்டு, ஒலியையும் அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள், ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை, காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது, அதற்கும் அடியில் ஒன்றுமே இல்லை, கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி. சங்கரபாண்டி வந்து ஏட்டி என்ன செய்த என்று கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. இப்போது கூட அது நினைவு வந்தால் இந்த மாதிரித்தான், சுற்றி ஒரு சத்தமும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது, மூச்சு விடுகிற சத்தம் கூட

டொக் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று திரும்பினாள். கதவு திறந்துதான் கிடந்தது. மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும், விரல் முட்டியால். கைதட்டுவதற்குப் பதில் இவர்கள் இப்படித்தான் தட்டுவார்கள். மத்தியாஸின் இரண்டு கையும் மூடிய முட்டியாக அந்தரத்தில் நின்றன. அவன் அவற்றைக் கீழே இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நன்றி, இது எளிதான முடிவு இல்லை என்று எனக்குத் தெரியும்” என்றான். அய்யோ. அய்யய்யோ. அவள் எழுந்துவிட்டாள், பாதி. நாற்காலி கிரீச்சென்றது. மத்தியாஸ் பார்த்தான். “ஏதாவது சொல்ல வேண்டுமா?” முன்வரிசை முழுக்கத் திரும்பியது, தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். என்ன சொல்வாள்? நான் கவனிக்கவில்லை என்றா? பதினாறு மணி நேரம் பறந்து வந்துவிட்டு, நீங்கள் கேட்டபோது வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டேன், திரும்ப ஒரு தடவை விரலை மடக்குங்கள் என்றா? போன வருஷம் ஒருத்தன் அப்படித்தான் கேட்டான், லைன் அறுந்துபோச்சு, இன்னொரு தடவை கேளுங்கள் என்று, விரல் மடங்கினால் மடங்கினதுதான், விதி எல்லாருக்கும் ஒன்று என்று அவனுக்கு நீட்டி முழக்கிப் பதில் எழுதினவள் யார்? “ஜன்னலைத் திறக்கலாமா?” என்றாள். “தாராளமாக!” என்று யாரோ எழுந்து திறந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். எட்டாவது தீர்மானம் ஆரம்பித்துவிட்டது. லேப்டாப்பில் ஊதா எழுத்து நின்றிருந்தது. ‘ஏழு: ஏற்கப்பட்டது. மத்தியாஸ் வழக்கத்தை விட மெதுவாக எண்ணினார். செண்பகவல்லியை இரண்டு முறை பார்த்தார். ஆட்சேபணை இல்லை.’ இரண்டு முறை பார்த்தானாம். காத்திருந்தானாம், மனுஷன். திட்டுவதற்குக் கூட ஒரு ஆள் மிச்சம் இல்லாமல் செய்துவிட்டானே. பக்கத்தை மேலே தள்ளினாள். வந்திருப்பவர்கள் பட்டியலில் முதல் பேர் இவளுடையது. செண்பகவல்லி, முழுப் பேரும், திரை வாசிப்புப் பகுதிப் பொறுப்பாளர், ஒன்பது வருடங்களாக, இந்தியாவிலிருந்து நேரில் வந்திருக்கிறார்.

போன் அதிர்ந்தது. மடியில் வைத்துப் பார்த்தாள், ஞானசிகாமணி சார். ஊரில் மத்தியானம் இரண்டரை இருக்கும். ‘வணக்கம்மா. அரை நாள் லீவு போட்டுட்டு நேரலையில கேட்டுட்டிருந்தேன். ஏழாவது போயிருச்சு போல. ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு, அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே வரலை, நெட்டுதான் போயிருச்சோன்னு நினைச்சேன். உங்களுக்கு விசா குடுக்கலையாம்மா? குடுத்திருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. மனசை விட்றாதீங்க.’ படித்தாள். திரும்பப் படித்தாள். அவருக்குத் தெரிய வழியில்லை, அவர் காதில் இவள் குரல் என்று எதுவும் விழவே இல்லை, விழுந்தது ஜன்னலைத் திறக்கலாமா என்று ஒரு பெண் கேட்டது மட்டும், அது இங்கிலீஷில், யாராகவும் இருக்கலாம். அவரே ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், இதற்குள் நுழைந்துவிடு அம்மா என்று. இல்லை சார், வந்திருந்தேன் சார், உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் சார். சொன்னால் புரிந்துகொள்வார், அவர் அப்படிப்பட்டவர், அதுதான் தாங்காது. சொல்லிவிடு. சொல்லித் தொலை. கட்டை விரல் அதன்பாட்டுக்கு அடித்தது. ‘ஆமா சார். விசா வரலை.’ அனுப்பிவிட்டாள். இந்நேரம் அவருடைய மேஜையில் அவள் எழுதின நிரல் அதை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருக்கும், அவருக்குப் பிடித்த வேகத்தில், அவள் அவருக்கென்றே சரிசெய்து கொடுத்த வேகத்தில். சாயங்காலம் இந்தக் குறிப்பு பொதுவில் ஏறும், அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கக் கேட்பார், எப்போதும் கேட்பார். அவள் தன் மஞ்சள் கர்சர் கோட்டைக் கொண்டுபோய் இரண்டு முறை பார்த்தார் என்ற வரியின் கடைசியில் வைத்து அழித்தாள். பட்டியலின் உச்சிக்குப் போனாள். இந்தியாவிலிருந்து நேரில் வந்திருக்கிறார், போனது. ஒன்பது வருடங்களாக, போனது. முன்வரிசையில் லுட்மிலா தன் திரையில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். எட்டாவது தீர்மானத்துக்கு இடைஞ்சல் வராமல் குனிந்து, வரிசைக்கு நடுவே வந்து, காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்கள் பெயரை அழிக்கிறது நீங்கள்தானா?” என்று காதோடு கேட்டாள். “ஏன்? நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள்?”

“இல்லை” என்றாள் செண்பகவல்லி.